பூவின் விலை யாருக்குத் தெரியும்?

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் இன்றைக்கு மல்லிகை என்ன விலை போகிறது என்பது பொழுது ஏறுவதற்குள் மதுரைக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் தெரிந்துவிடுகிறது. ஏலம் முடியும் முன்பே வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் விலை ஓடுகிறது. முகூர்த்த நாள் என்றால் டிவியிலும் வந்துவிடும். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு தோட்டத்தில் இறங்கி, விரியாத மொட்டாகப் பார்த்துக் கிள்ளி மடியில் போட்ட பெண்ணிடம் அதே விலையைக் கேட்டுப் பாருங்கள். “நமக்கென்ன தெரியும் தாயி? தோட்டக்காரர் சொன்னாத்தான் உண்டு” என்பார். அவருக்குக் கிலோக் கணக்கில் கூலி. பூ இருநூறுக்குப் போனாலும் அதுதான், மூவாயிரத்துக்குப் போனாலும் பெரும்பாலும் அதுதான்.

நான் அப்படிப் பூ எடுத்த ஒருத்தியின் மகள். எங்கள் தெரு ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இன்று பேர்ப்பலகையில் காலனி என்று எழுதியிருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது எல்லோரும் சேரி என்றுதான் சொன்னார்கள். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். ஒரு செய்தி ஊருக்குள் எந்த வழியாக நுழைகிறது, யார் வீட்டுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஐம்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். செய்தி இன்று மழையாகக் கொட்டுகிறது. நனைகிறவர்கள் மட்டும் பெரும்பாலும் அன்றைக்கு நனைந்தவர்களே.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊருக்குச் செய்தி வந்த இடம் டீக்கடை. காலையில் முதல் பஸ்ஸில் தினத்தந்தி வரும். பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிரிக்கிற உரிமை எங்கள் தெரு ஆட்களுக்கு இல்லை. எங்களுக்குத் தனிக் குவளை. அதைக் கழுவி வைக்க வேண்டியதும் நாங்கள்தான். அப்பாவுக்கு டீ வாங்க நான் தூக்குவாளியோடு போவேன். தட்டிக்கு வெளியே நிற்பேன். கடைக்காரர் கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவார். உள்ளே யாராவது பேப்பரைச் சத்தம்போட்டுப் படித்தால் எனக்குச் செய்தி கிடைக்கும். படிக்கிறவர் மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டால் அன்றைக்கு எங்கள் தெருவுக்குச் செய்தி இல்லை. எம்.ஜி.ஆர். என்ன பேசினார், வைகையில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள், எந்த இலாகாவில் ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தட்டிக்கு வெளியே நின்று நான் கேட்டு வந்து வீட்டில் சொன்னவைதான். நின்று கேட்டால் டீ ஆறிவிடும் என்று அம்மா ஓடிவரச் சொல்லுவாள். அப்பா மட்டும், “இருந்து கேட்டுட்டு வா, ஆறுனா ஆறட்டும்” என்பார்.

சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். எங்கள் தெருவில் அதுவரை படித்த முதல் ஆள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. தெரிந்தபோது தேதி தாண்டிவிட்டது, பதிவு மூப்பு போய்விட்டது. அதே வருஷம் பதிந்த மேலத்தெருப் பையனுக்கு அவன் மாமா ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். அந்த மாமா ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். சித்தப்பா கடைசிவரை சுமை தூக்கினார். அறிவில் அந்தப் பையனுக்கும் அவருக்கும் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாமா இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

பஞ்சாயத்து ஆபீஸ் கூரைமேல் ஒரு கூம்புக் குழாய் இருந்தது. சாயங்காலம் ரேடியோவை அதில் போடுவார்கள். உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் குழாய்ச் சத்தம் வாய்க்காலைத் தாண்டி வரும். விவசாய நிகழ்ச்சி வந்தால் அப்பா திண்ணையில் கால் நீட்டிக் கேட்பார். எந்த மாதம் செடியைக் கவாத்து செய்ய வேண்டும், மொட்டுப்புழு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மேலத்தெருப் பண்ணையாரும் எங்கள் அப்பாவும் ஒரே நிமிஷத்தில் தெரிந்துகொண்டார்கள். தஞ்சைப் பக்கம் 1960களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே பரவி ‘ரேடியோ நெல்’ என்று பேர் வாங்கியது. ஒலிக்குத் தீட்டு இல்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்த முதல் அறிவு அந்தக் குழாய் வழியாக வந்தது என்று நான் உறுதியாகச் சொல்லுவேன்.

இன்னொரு வகை அறிவு இருந்தது. அது குழாயில் வராது. யாருக்கு எவ்வளவு நிலம், எந்தப் புலம் யார் பேரில் என்ற கணக்கு. அது கர்ணம் வீட்டுத் திண்ணையில், சிவப்புத் துணியில் சுற்றிய கட்டுக்குள் கிடந்தது. கேட்டால் அவர் சொல்வதுதான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வெள்ளைக்கார அரசு உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். வேறு சாதிக்காரருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை எழுதிய தாள் கட்டுக்குள் இருந்தது. நிலத்துக்குரியவர்கள் எழுத்து தெரியாமல் வெளியே இருந்தார்கள். தமிழ்நாடு முழுக்க அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதற்கு இதைவிட நீண்ட விளக்கம் தேவையில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அன்றிரவு எங்கள் தெருவில் பெரியவர்கள் தூங்காமல் பேசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இனிமேல் கட்டைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்தார்கள்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் கல்லுடைக்கும் பெண்களெல்லாம் எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்ற கதை நாடெங்கும் பேசப்பட்டது. எங்கள் தெருவிலும் விளக்குக் கம்பத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். அப்பா போன பிறகு அம்மா அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் தோட்டம், ராத்திரி சிலேட்டு. நான் அப்போது வெளியூரில் வேலை பார்த்தேன். லீவுக்கு வந்தபோது அம்மா கமிஷன் கடைச் சீட்டை எடுத்து விளக்கடியில் வைத்து விரலை ஓட்டிப் படித்துக் காட்டினாள்: தேதி, பேர், எடை, விலை, தொகை, கமிஷன், முன்பணக் கழிவு, மீதி. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு மூச்சு நின்று போனாள்.

அடுத்த நாள் அவளோடு மார்க்கெட்டுக்குப் போனேன். தராசில் நாலு கிலோ இருநூறு நின்றதை நான் பார்த்தேன். சீட்டில் மூன்று தொள்ளாயிரம். முன்பெல்லாம் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவாள். அன்றைக்கு நகராமல் நின்றாள். “அண்ணே, எடைய இன்னொருக்கப் பாருங்கண்ணே” என்றாள். கணக்குப்பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டை வாங்கிக் கிழித்தார், வேறொன்று எழுதிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முந்நூறு கிராம் பூவுக்கு அன்றைய விலையில் பெரிய பணமில்லை. அம்மா பஸ் ஏறுகிறவரை அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

இந்த அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவளுக்கு இப்போது வயது எண்பதை ஒட்டுகிறது.

2004 அக்டோபர் 18 அன்று எங்களுக்குப் பக்கத்து ஊரான செம்பட்டிக்கு ஆகாயத்திலிருந்து அறிவு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து செம்பட்டி, திருவையாறு, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்களைச் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையோடு இணைத்தன. கிராம வள மையம் என்று பேர். பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். எங்கள் பக்கத்து மல்லிகைக்குப் பதியன் வருவது ராமேஸ்வரத்தை அடுத்த தங்கச்சிமடத்திலிருந்துதான். நாற்றுக்கட்டு பஸ்ஸிலும் ரயிலிலும் குலுங்கி வந்து இணைத்த அந்த இரண்டு ஊர்களும் ஒரே திரையில் பேசிக்கொள்ளும் என்றால் சும்மாவா? நானும் போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு நிபுணர், இந்தப் பக்கம் துண்டைத் தோளில் போட்ட விவசாயிகள். ஒருவர் பூச்சி அரித்த மொட்டுகளைப் பாலித்தீன் பையில் கொண்டுவந்து கேமரா முன்னால் பிடித்தார். இன்னும் கிட்டே காட்டுங்கள் என்றது திரை. பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் பத்துப் பேருக்கும் ஆயிற்று.

அதே நிறுவனம் 1998-லிருந்தே புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்கள் நடத்தியது. அதில் நல்லவாடு என்ற மீனவர் ஊரின் கதையைத் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடல் உள்ளே வருகிறது என்று இங்கிருந்து சொன்னார்கள். எல்லோரையும் ஓடச் சொல் என்றார் அவர். அறிவு மையத்தின் கதவை உடைத்து, தினமும் அலை உயரம் அறிவிக்கிற ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் ஐந்நூறு குடும்பங்கள் இருந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஒரே ஒரு போனில் வந்த செய்தி ஒரு காதோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லா முயற்சியும் இப்படி நிலைக்கவில்லை. 2001-ல் மேலூர் வட்டத்தில் ஐ.ஐ.டி. சென்னை உருவாக்கிய கம்பியில்லா இணைப்பை வைத்து ஊர் ஊராக இணையக் கூடங்கள் திறந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படம்பிடித்து அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். சான்றிதழுக்கு அங்கிருந்தே மனுப் போட்டார்கள். சில வருஷத்தில் பல கூடங்கள் மூடப்பட்டன. நடத்தியவருக்குக் கட்டுப்படி ஆகவில்லை. பழுது பார்க்க ஆள் இல்லை. ஆதரித்த அதிகாரிகள் மாறிப் போனார்கள். பிறகு கைக்குக் கை போன் வந்துவிட்டது, இனிக் கூடம் எதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். பெரிய இழப்பு அங்கேதான் நடந்தது என்பது என் எண்ணம். பத்துப் பேர் எட்டிப் பார்த்த திரை போய், ஒருவர் மட்டும் பார்க்கிற திரை வந்தது.

போன் ஏழைக்கு உதவவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கேரளத்தில் 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கரையில் பதினொரு படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டும் நிலையில் நின்றார்கள். பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் மீன் இல்லாமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷத்திலிருந்து அங்கே செல்போன் கோபுரங்கள் வந்தன. கடலிலிருந்தே விலை கேட்டு, நல்ல விலை இருக்கிற கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது நின்றது, மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். உலகமே அதை எடுத்துப் பேசியது. பிறகு மகாராஷ்டிரத்தில் நூறு கிராமங்களில் விவசாயிகளின் போனுக்கு விலைச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது: செய்தி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கிடைத்த விலையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

நிலக்கோட்டையில் வளர்ந்தவளுக்கு இந்த இரண்டாவது முடிவு ஆச்சரியம் தரவில்லை. குத்தகைப் பணம் கட்ட, கல்யாணம் காட்சிக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருப்போம். வாங்கிய கடைக்குத்தான் பூவைப் போட வேண்டும். அடுத்த கடையில் ஐம்பது ரூபாய் கூட என்று போனில் தெரிந்தாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாது. காத்திருக்கவும் முடியாது. பொழுது சாய்ந்தால் மொட்டு வாய்திறந்துவிடும். விரிந்த பூவுக்குச் சென்ட் கம்பெனி கொடுப்பதுதான் விலை. மீனவர் படகைத் திருப்பினார். அம்மாவால் கூடையைத் திருப்ப முடியவில்லை. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டமும் அந்த எல்லைக்குள் வருகிறது. பூவுக்குப் பேர் கிடைத்தது. பூக்காரிக்குப் பேரம் பேசும் பலம் கிடைக்கவில்லை. 2018-ல் தமிழக அரசு உழவன் செயலியைத் தொடங்கியது. வேளாண் பல்கலைக்கழக இணையதளத்தில் மொட்டுப்புழுவிலிருந்து செம்பேன்வரை தமிழிலேயே விளக்கம் இருக்கிறது. உண்மையிலேயே நல்ல வேலைகள். எங்கள் தெருவில் செடிக்கு நோய் வந்தால் இன்றும் கேட்பது உரக்கடைக்காரரைத்தான். அவர் கடனுக்கு மருந்து தருகிறார், கூடவே யோசனையும் தருகிறார். எந்த மருந்து அவரிடம் தேங்கி இருக்கிறதோ அதையொட்டி யோசனை வருகிறது.

ஆழமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் இன்னொரு சுவர். எங்கள் மல்லிகையை நாசம்பண்ணும் மொட்டு ஈயைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை இணையத்தில் தேடினேன். முதல் பத்தியைக் காட்டிவிட்டு முப்பது, நாற்பது டாலர் கேட்டது. மத்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 கல்வி நிறுவனங்கள். வரவேற்கிறேன். ஆனால் அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கு. வரி கட்டுகிற விவசாயியும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையும், ஊர்ப்புற நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற பையனும் இன்னும் கேட்டுக்கு வெளியேதான்.

அம்மாவுக்கு வருகிறேன். அவளிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது. பேங்கிலிருந்து செய்தி வந்தால் டிங் என்று ஒலிக்கும். எடுத்துப் பார்ப்பாள். எல்லாம் ஆங்கிலம். பணம் வந்ததா, பிடித்தார்களா, யாரோ ஏமாற்றுக்காரன் அனுப்பியதா, ஒன்றும் தெரியாது. ஐம்பதை நெருங்குகிற வயதில் சிலேட்டில் எழுதிப் பழகி, கமிஷன் கடையில் நின்று எடையைக் கேட்ட பெண், எண்பது வயதில் மறுபடியும் எழுதப் படிக்கத் தெரியாதவள் ஆகிவிட்டாள். அவள் எதையும் மறக்கவில்லை. கண் இன்னும் நன்றாக இருக்கிறது, பேப்பரில் தலைப்பெல்லாம் படிக்கிறாள். சீட்டு அவளை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மத்தியானச் சாப்பாட்டையும் இலவச சைக்கிளையும் லேப்டாப்பையும் நாட்டுக்கு முன்மாதிரியாகக் கொடுத்த மாநிலத்தில், தமிழச்சி ஒருத்தியின் கணக்கில் நூறு ரூபாய் பிடித்தால் அதைத் தமிழில் சொல்ல முடியாதா?

அவள் போனாவது அவள் கையில் இருக்கிறது. தெருவில் பல வீடுகளில் கணக்கோடு இணைத்த நம்பர் மகனுடையது, அல்லது பேரனுடையது, அல்லது என்றோ ரீசார்ஜ் செய்யாமல் விட்டுச் செத்துப்போன நம்பர். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாடு முழுவதும் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57, பெண்கள் 33. தமிழ்நாட்டில் கொஞ்சம் மேல். இருந்தாலும் பெண்களில் பாதிப்பேரை எட்டவில்லை. என் சின்னம்மா மகள் ஒருத்தி ஓர் உதவித்தொகைக்கு மனுப் போட்டாள். தள்ளுபடி என்ற செய்தி போன் வழியாக வந்திருக்கிறது, குறிப்பிட்ட நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரத்தோடு. வந்தது பழைய நம்பருக்கு. பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் பணம் வரும்போது தனக்கு ஏன் வரவில்லை என்று அவள் கேட்டலைந்து தெரிந்துகொண்டபோது கெடு முடிந்திருந்தது. சித்தப்பாவின் அட்டையின் பின்பக்கத்தை நினைத்துக்கொண்டேன். அன்றைக்காவது அட்டை அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

இப்போது கர்ணம் வீட்டுத் திண்ணையின் இடத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கலாம். என் அப்பா காலத்தில் இதைக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டுமானால் புல எண் தெரிய வேண்டும், உட்பிரிவு தெரிய வேண்டும், தட்டத் தெரிய வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் ஆதார் அட்டையையும் போனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். “அக்கா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க” என்பான் பையன். “நீயே பாத்துக்கப்பா” என்று போனையே நீட்டிவிடுவார்கள். ஒரு கடையில் மேசை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தான். எங்கள் தெருப் பேர்கள் வரிசையாக இருந்தன. பேருக்கு நேரே ஆதார் எண், போன் நம்பர், மெயில், பாஸ்வேர்டு. பாதிப்பேருக்கு ஒரே பாஸ்வேர்டு, அவன் போட்டது. கெட்ட பையன் இல்லை. எவ்வளவோ பேருக்குக் காசு வாங்காமலும் செய்து கொடுத்திருக்கிறான். இந்த நோட்டு அவனிடம் இல்லையென்றால் அவர்களுக்கு எந்த மனுவும் போகாது, அதுவும் நிஜம். சிவப்புத் துணிக் கட்டு நாற்பது பக்க நோட்டாக மாறியதைப் பார்த்துக்கொண்டு அங்கே நின்றேன்.

இந்த நம்பிக்கை தவறானவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை 2020-ல் தமிழகம் பார்த்தது. பிரதமரின் விவசாயி உதவித்தொகைக்கு யாரும் தாமே இணையத்தில் பதியலாம் என்று திறந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம் எனப் பல மாவட்டங்களில் இடைத்தரகர்கள் நிலமே இல்லாதவர்களை விவசாயிகளாகப் பதிந்தார்கள். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரையும் பேங்க் புத்தகத்தையும் கொடுத்தவர்கள் ஏராளம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத கணக்குகளுக்கு சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி வீடு தேடி வந்தார்கள். தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பயந்து நின்றவர்கள் கையெழுத்துப் போட்ட பெண்கள்.

கொரோனா வருஷங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனில் வகுப்பு நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. அது 2019-லேயே தொடங்கியிருந்தது நல்ல காலம். ஆனால் டிவி கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே டச் போன். அது அப்பாவின் சட்டைப்பையில். அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் பின்னிரவிலேயே போய்விடுவார். அவர் திரும்பிவந்து தூங்கும் நேரத்தில் பெரியவள் போனை எடுத்து, நாள் முழுக்க வந்த பாடத்தைப் பார்த்து நோட்டில் எழுதித் தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். அப்போது அவள் ஒன்பதாவது. டேட்டா தீர்ந்தால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். கொரோனாவுக்கு முந்தைய 2017–18 கணக்கெடுப்பிலேயே, நாட்டின் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்குப் பதினைந்தில்தான் இணைய வசதி இருப்பதாக வந்திருந்தது. அது தெரிந்தே வகுப்பறையைப் போனுக்குள் தூக்கி வைத்தோம்.

2021 அக்டோபர் 27-ல் மரக்காணத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாய் விரித்தாள். பத்து நாளில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது. அந்தப் பெண் கையிலும் போன் இருந்தது. அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள், கேட்டார்கள், சண்டை போட்டார்கள். செம்பட்டித் திரையை எட்டிப் பார்த்த விவசாயிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். கருவி அதேதான், நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்ததும் அது எல்லோருக்கும் ஆகிவிட்டது.

அறிவை இப்படி எல்லோருக்கும் கொண்டுபோவது நமக்குப் புதிதல்ல. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போனது. அதே வருஷம்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் நூலக அறிவியல் விதிகள் புத்தகமாக வந்தன. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்து நான் கண் கலங்கிவிட்டேன். அதன் ஒரு நாற்காலி, ஒரு கணினி, விஷயம் தெரிந்த ஓர் ஆள், இவ்வளவும் எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு வாரத்தில் சில சாயங்காலமாவது வர வேண்டும். பாஸ்வேர்டு எழுதிய நோட்டு ஒரு கடை இழுப்பறையில் கிடக்க வேண்டியதில்லை. அரசு ஊழியர் ஒருவர் பொறுப்பேற்று, பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் கையாலேயே தட்ட வைக்கலாம். பூ மார்க்கெட் வாசலில் அன்றைய ஏலத்தின் கூடுதல் விலையையும் குறைந்த விலையையும் சாக்பீஸால் எழுதிவைக்க ஒரு கரும்பலகை போதும். குழாய் கட்டி அறிவித்தால் இன்னும் நல்லது. பூ எடுக்கிற பெண்கள் விலை தெரிந்து கூலி பேசட்டும்.

போன கிராம சபையில் எங்கள் தெருப் பெண்கள் இதில் ஒன்றைக் கேட்டார்கள். எந்த உதவித்தொகையானாலும் தள்ளுபடி ஆனவர்களின் பேரையும் காரணத்தையும் கெடு தேதியையும் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொன்னார்கள். “எல்லாம் போன்லயே வருதேம்மா” என்றார் ஒரு அலுவலர். “எங்களுக்கு வரலையே சார்” என்றாள் சின்னம்மா மகள். தீர்மான நோட்டில் ஏறியிருக்கிறதா என்று அம்மா வாங்கிப் பார்த்தாள். தமிழில்தான் எழுதியிருந்தது, விரலை ஓட்டிப் படித்தாள். ‘ஒலிபெருக்கி’ என்ற சொல் விடுபட்டிருந்தது. “அதையும் எழுதுங்க தம்பி” என்றாள். செயலாளர் எழுதினார். நவம்பர் 1-ல் அடுத்த சபை. முதல் பட்டியலை அன்றைக்கு வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் எல்லோரும் போகிறோம்.